செந்துறையின் கடலும் நம் மழையின் வரலாறும்
படிவுகளிலிருந்து பழைய தட்பவெப்பத்தை அறியும் ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கியது. மழையை நாடு முழுவதும் ஒரே முறைப்படி அளந்து எழுதும் வழக்கம் அதன் பிறகுதான் வேரூன்றியது. ஆகவே நம் கையில் இருக்கும் முறையான மழைக்கணக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு உரியது. அணையின் உயரம், பாலத்தின் அகலம், வடிகாலின் கொள்ளளவு எல்லாம் இந்தச் சிறிய கணக்கை நம்பியே முடிவாகின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இதற்கு முன் இப்படிப் பெய்ததுண்டா, எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை பெய்யும் என்று கேட்டால் மழைமானியால் பதில் சொல்ல முடியாது. மழை கரைத்துக் கொண்டுபோய் ஏரியிலும் கடலிலும் சேர்த்த சேற்றைத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சேற்றை எப்படிப் படிக்கிறார்கள், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. அதற்கு அரியலூர் மாவட்டத்துச் செந்துறை பொருத்தமான இடம். அங்கே காலுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தரை கிடக்கிறது. அதன் மேலே, மனிதர் வெட்டிய ஏரிகளில் சில நூற்றாண்டு வண்டல் படிந்திருக்கிறது. இரண்டும் தட்பவெப்பத்தின் பதிவுகள். இரண்டும் இன்று வேகமாக வெட்டி எடுக்கப்படுகின்றன.

பாறையிலிருந்து பருவமழைக்கு

செந்துறையிலிருந்து கடற்கரை 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் இவ்வட்டாரத்து ஓடைக்கரைகளில் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சென்னை மாகாண அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் 1840களில் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் சேகரித்த இத்தகைய படிமங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அடுத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் இப்பகுதியின் பாறை அடுக்குகளை வரைபடமாக்கினார். உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்ற அடுக்குப் பெயர்கள் அப்படித்தான் உலகப் புவியியல் நூல்களில் இடம்பிடித்தன. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா, 1860களிலும் 70களின் தொடக்கத்திலும் வெளியிட்ட பெருந்தொகுதிகளில் இவ்வடுக்குகளின் உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்தார்.

இவர்களில் பிளான்ஃபோர்டின் பிற்காலம் நம் பொருளுக்கு நெருக்கமானது. 1875இல் வானிலைத் துறை உருவானபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவர் இவரே. மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடியது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அவரைத் துரத்தியது. இமயமலையில் பனி மிகுந்த ஆண்டுகளில் அடுத்த பருவமழை தளர்கிறது என்ற கருத்தை அவர் 1884இல் முன்வைத்தார். கடல் மறைந்துபோன நிலத்தைப் படித்தவரும், மழை மறைந்துபோன ஆண்டுகளுக்குக் காரணம் தேடியவரும் ஒருவரே. அவர் வாழ்ந்த காலத்தில் இந்த இரண்டு துறைகளையும் இணைக்கும் கருவி இருக்கவில்லை. அது கிடைக்க இன்னும் 60 ஆண்டுகள் ஆயின.

ஓட்டுக்குள் இருக்கும் வெப்பமானி

அந்தக் கருவியின் அடிப்படையை வகுத்தவர் ஹெரால்ட் யூரி. இயற்கையில் ஆக்சிஜன் அணு பெரும்பாலும் எடை 16 கொண்டது. சிறு பங்கு எடை 18 கொண்டது. கடல் உயிரினம் சுண்ணாம்பு ஓடு கட்டும்போது இந்த இரண்டும் எந்த விகிதத்தில் ஓட்டுக்குள் சேரும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீரின் வெப்பம் 4 டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தால், ஓட்டில் கனமான ஆக்சிஜனின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூடும். 1951இல் யூரியும் அவர் குழுவினரும் ஜுராசிக் காலத்துப் பெலெம்னைட் ஒன்றைக் குறுக்கே அறுத்து, உள்ளிருந்து வெளியாக அளந்து, அந்த உயிரினம் கண்ட கோடைகளையும் குளிர்காலங்களையும் எண்ணிக் காட்டினார்கள். பெலெம்னைட் என்பது கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரினம். இந்த அளவீடுகளுக்கு உலகம் முழுவதும் அடிப்படை அலகாக வைத்துக்கொண்டதும் ஒரு கிரெட்டேசியஸ் காலத்துப் பெலெம்னைட்தான். அது அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்தது. பெலெம்னைட் படிமங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் வெட்டவெளிகளிலும் இறைந்து கிடக்கின்றன.

வெப்பம் மட்டும் அல்ல, நீரின் இயல்பும் ஓட்டில் பதிகிறது. நெல் தூற்றும்போது பதர் காற்றோடு போவதுபோல, கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த நீரே கூடுதலாக மேலே போகிறது. அது துருவங்களில் பனியாக உறைந்து நின்றுவிட்டால் மிச்சமுள்ள கடல் கனமாகிறது. மழையாகி ஆற்றின் வழி திரும்பினால் கரையோரக் கடல் இலேசாகிறது. இதனால் ஒரே அளவீட்டில் வெப்பம், பனி, மழை மூன்றும் கலந்து வருகின்றன. பிரித்தறிய வேறு சான்றுகள் வேண்டும். ஓட்டில் உள்ள மெக்னீசியத்தின் அளவு வெப்பத்தைத் தனியாகச் சொல்லும். இலைகளின் மேற்பூச்சு மெழுகில் உள்ள கார்பன், சுற்றுநிலத்தில் மரம் நின்றதா புல் நின்றதா என்று சொல்லும். மகரந்தத் தூள் செடியின் பெயரையே சொல்லிவிடும். மணல் துகளின் பருமன் வெள்ளத்தின் வேகத்தைக் காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் காலக்கணக்கு வேண்டும். கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை உதவும். கடைசி 150 ஆண்டுகளுக்கு ஈயம்-210 என்ற கதிரியக்கத் தனிமமும், அணுகுண்டுச் சோதனைகள் 1963ஐ ஒட்டி உலகெங்கும் உதிர்த்த சீசியம்-137உம் துணை.

செந்துறை கடலாக இருந்தபோது

இக்கருவிகளோடு செந்துறைப் பாறைகளைப் பார்த்தால், பனிமூடிய துருவங்கள் இல்லாத ஒரு பூமி தெரிகிறது. காவிரிப் படுகையின் இந்தப் பகுதியில் கடல் உள்ளே வந்தது 11 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன்பின் அது பலமுறை ஏறியும் இறங்கியும், 6 கோடிக்கும் சற்று அதிகமான ஆண்டுகளுக்கு முன்வரை வந்துபோயிற்று. அப்போது இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்தது. தொடக்கத்தில் மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றில் கரியமில வாயு இன்றைவிட மிகுதி. உலகக் கடல்மட்டம் இன்றைவிட மிக உயரம்.

காரைப் பகுதியின் களிமண் அடுக்குகளில் கிடைத்த பெலெம்னைட்டுகளின் ஆக்சிஜனை அளந்தவர்கள், அக்கடலின் வெப்பம் சுமார் 15 முதல் 18 டிகிரி வரை இருந்ததாகக் கணித்தனர். இன்றைய வங்கக் கடலோடு ஒப்பிட்டால் இது குளிர்ந்த நீர். ஆனால் அன்று இந்நிலம் தெற்கே வெகுதூரம் தள்ளி இருந்தது என்பதை நினைத்தால், அந்த அகலாங்குக்கு இது வெதுவெதுப்பான கடல். இதே அடுக்குகளில்தான் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆக்சிஜன் வற்றிப்போன நிகழ்வின் காலமும் அடங்கியிருக்கிறது. வெப்பமான கடல் மூச்சுத் திணறும் என்பதற்கு அது உலகளாவிய முன்னுதாரணம்.

மேலே வரவரக் காட்சி மாறுகிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் சிப்பிகளால் ஆனது. ஆழமில்லாத, தெளிந்த கடலில் அவை திட்டுத்திட்டாக வளர்ந்தன. அதற்கு மேலே கல்லமேட்டின் மணற்பாறை ஆறு கொண்டுவந்தது. கடல் பின்வாங்கிய அந்த நிலத்தில் டைனோசர்கள் நடமாடின. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும், சுருள் ஓடு கொண்ட கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் அழிந்த பிறகு திரும்பி வந்த கடல் அதைப் படியவைத்தது. நின்னியூரின் கல்லான பாசிகளை எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936இல் விவரித்தார்கள். பேரழிவுக்குப் பின் உயிர் எப்படி மீண்டது என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டிய பாறை அது.

இங்கே எச்சரிக்கையும் தேவை. பாறையாகும் போக்கில் நிலத்தடி நீர் ஊடுருவி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி படியவைத்தால், பழைய வெப்பக்கணக்கு அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையும் நுண்ணோக்கியில் சோதித்த பிறகே அளக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்வதன் ஆபத்தை 2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் ஏரி காட்டியது. அங்கே கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று செய்திகள் பரப்பின. பார்த்த புவியியலாளர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கடற்சேறு இறுகிய உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லையே என்று பலர் ஆர்வம் இழந்தனர். உண்மையில் அந்த உருண்டைகளும் கடலின் நிலையைச் சொல்லும் மதிப்புமிக்க சான்றுகள்தாம்.

பெருங்கடல் தந்த விடைகள்

பாறை தொலைகாலத்தைச் சொல்லும். நம் மழையோடு நேராகத் தொடர்புள்ள கடைசி சில லட்சம் ஆண்டுகளைக் கடலடிச் சேறு சொல்லும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறே படியும். கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி அதைக் குலையாமல் எடுக்கிறார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எடுத்த இரண்டு சேற்றுத் தூண்களைக் கொண்டு ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் 1976இல் பெரிய முடிவொன்றை நிறுவினார்கள்: பனியூழிகள் வருவதும் போவதும் பூமியின் சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டு இடைவெளிகளில் நேரும் மாறுதல்களோடு ஒத்துப்போகின்றன.

பருவமழையும் இதே தாளத்துக்குக் கட்டுப்பட்டது. அரபிக் கடலில் ஓமன் கரையோரம் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே பொங்கி வரும். அந்நீரில் ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் ஓட்டினம் பெருகும். சேற்றில் அதன் எண்ணிக்கை காற்றின் வலுவைச் சொல்கிறது. அனில் குப்தாவும் சகாக்களும் 2003இல் இம்முறையில், கடந்த 10,000 ஆண்டுகளில் வட அட்லாண்டிக் குளிர்ந்தபோதெல்லாம் நம் தென்மேற்குப் பருவக்காற்றும் தளர்ந்தது என்று காட்டினர். கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே எடுத்த சேற்றின் இலைமெழுகை ஆராய்ந்த கமிலோ பொன்டன் குழு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கித் தக்காண நிலம் படிப்படியாக வறண்டதை 2012இல் வெளியிட்டது.

2014–15இல் சர்வதேசக் கடலடித் துளையிடும் திட்டத்தின் 353ஆம் பயணம் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் பருவமழைக்காகவே சேறெடுத்தது. மகாநதிக்கு எதிரே கிடைத்த தூணிலிருந்து ஸ்டீவன் கிளமென்ஸ் குழு 9 லட்சம் ஆண்டு மழை வரலாற்றை 2021இல் வெளியிட்டது. கரியமில வாயு கூடிய காலங்களிலும், துருவப் பனி குறைந்த காலங்களிலும் கோடைப் பருவமழை மிகுந்திருக்கிறது. கணினி மாதிரிகள் வருங்காலத்துக்குச் சொல்லும் அதே திசையைப் பழைய சேறும் காட்டுகிறது. கரியமில வாயு கூடக்கூட மழை வலுக்கும் என்ற எச்சரிக்கைக்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை.

ஏரியும் சதுப்பும்

கடல் பெரும்பரப்பின் சராசரியைச் சொல்கிறது. ஏரி தன்னைச் சுற்றிய நிலத்தைச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் விண்கல் விழுந்து உருவான லோனார் ஏரியின் படிவு, 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்னும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்னும் நீடித்த வறட்சிகளைக் காட்டியது. அரியானாவின் கோட்லா தாகர் ஏரியில் நத்தை ஓடுகளை அளந்தவர்கள் 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை சட்டெனத் தளர்ந்ததைக் கண்டனர். சிந்துவெளி நகரங்கள் மங்கிய காலம் அது. ராஜஸ்தானின் லூங்கரன்சர் ஏரியோ அந்நகரங்கள் எழும்பும் முன்பே வற்றிவிட்டது. ஆகவே வறட்சி வந்தது, நாகரிகம் வீழ்ந்தது என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. வறண்ட நிலத்திலும் மக்கள் நகரம் கட்டியிருக்கிறார்கள்.

தமிழகத்தில் முதன்மையான சான்று நீலகிரியின் சாண்டிநல்லாச் சதுப்பு. ராமன் சுகுமார், ஆர். ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் அதன் கரிமத்தை அளந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கடைசிப் பனியூழியின் உச்சத்தில் நீலகிரி வறண்டு புல் பரவியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தது. பின்னர் மறுபடி வறண்டது. பழனி மலையின் குக்கல் ஏரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்சுதன் குழு சுமார் 9,000 ஆண்டுகளின் படிவுகளை ஆராய்ந்திருக்கிறது. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேறு 24,000 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது.

முரண்படும் சாட்சிகள்

இவ்வளவையும் அருகருகே வைத்தால் எல்லாம் ஒத்துப்போவதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஓமன் கரைச் சேறு அளப்பது காற்றை. வங்கக் கடல் சேறு அளப்பது மழையும் ஆற்றுநீரும் கடலில் கலந்த அளவை. காற்று வலுத்த காலமெல்லாம் மழை மிகுந்த காலமாக இருக்க வேண்டியதில்லை. புழுவும் நண்டும் கடலடிச் சேற்றைக் கிளறிச் சில நூற்றாண்டுகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் நீரில் பழைய கார்பன் கரைந்திருப்பதால் நத்தை ஓட்டின் வயது உள்ளதைவிட முதிர்ந்ததாகத் தோன்றும். அரியலூர் மாவட்டத்து ஏரிகளில் வேலை செய்பவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும். நூறு ஆண்டு பிழையுள்ள காலக்கணக்கை வைத்து ஓர் அரசனின் வீழ்ச்சிக்கு ஒரு வறட்சியைக் காரணம் காட்டுவது ஆய்வாகாது.

வடகிழக்கின் வெற்றிடம்

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை தென்மேற்குப் பருவமழையைப் பற்றியவை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருகிறது. செந்துறையின் ஏரிகள் நிரம்புவதும் ஐப்பசி கார்த்திகையில்தான். பனியூழியில் தென்மேற்கு தளர்ந்தபோது வடகிழக்குப் பருவக்காற்று வலுத்திருந்தது என்று ஜான் கிளாட் டுப்ளெஸி 1982இலேயே கடற்சேற்றிலிருந்து எழுதினார். அப்படியானால் இரண்டு பருவங்களும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கக்கூடும். வட இந்தியாவுக்கு எழுதிய மழை வரலாற்றை அப்படியே தமிழகத்துக்குப் பொருத்தினால் தவறான முடிவுக்குப் போய்ச் சேருவோம். நீலகிரியும் பழனி மலையும் இரு பருவங்களையும் பெறும் உயர்நிலங்கள். வடகிழக்கை முழுதாக நம்பி வாழும் சமவெளிக்கு நீண்ட, நுணுக்கமான பதிவு மிகக் குறைவு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழையில் கனமான ஆக்சிஜன் தென்மேற்கு மழையில் இருப்பதைவிடக் குறைவு என்பது தென்னிந்திய மழைநீர் அளவீடுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆகவே ஏரிவண்டலில் புதைந்த நத்தை ஓடு, தான் வளர்ந்த நீர் எந்தப் பருவத்தது என்று சொல்லக்கூடும். இம்மாவட்டத்திலேயே முதலாம் ராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய சோழகங்கம் இருக்கிறது. இன்று அது பொன்னேரி. அதுபோன்ற பேரேரிகள் ஆயிரம் ஆண்டுகளாக வடகிழக்கு மழையை வாங்கி வண்டலாகச் சேர்த்தவை. கோடையில் வற்றி வெடிக்கும் ஏரியில் அடுக்குகள் ஓரளவு குலையும் என்பது உண்மை. அதனால்தான் மதகை ஒட்டிய ஆழமான மடுக்களைத் தேர்ந்தெடுத்து, பல ஏரிகளை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

இழந்துகொண்டிருப்பவை

கல்லமேட்டில் கிடைத்த ஒரு பெரும் டைனோசரின் எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். அந்த எலும்புகள் காக்கப்படாமல் பொடிந்துபோயின; இன்று மிஞ்சியிருப்பவை சில வரைபடங்களும் படங்களுமே. அளந்து பார்க்க எதுவும் இல்லை. படிவுகளுக்கும் இதே நிலை வரக்கூடாது.

சிமெண்ட் ஆலைகளுக்காக இம்மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் வெட்டப்படுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். பழைய கடலின் சிப்பிகள் ஓட்டில் பூட்டி வைத்த கார்பனை நாம் திறந்துவிடுகிறோம். அந்தக் கார்பன் காற்றில் கூடினால் என்ன ஆகும் என்று சொல்லும் பதிவையும் அதே உலையில் எரிக்கிறோம். வீடும் வேலையும் தரும் தொழிலை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல. ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு செங்குத்து முகப்பை வெட்டாமல் விட்டுவைப்பதும், அடுக்குவாரியாக மாதிரி எடுத்து வாரணவாசி அருங்காட்சியகத்தில் சேர்ப்பதும் சுரங்க உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும்.

ஏரிகளில் வண்டல் அடிப்பது உழவர்களின் பழைய உரிமை. வயலுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. தூர்வாரும் முன் ஒரே ஒரு நாள், ஏரியின் ஆழமான இடத்தில் குழாய் இறக்கி ஒரு தூண் சேற்றை எடுத்து, இடமும் நாளும் எழுதி, குளிரறையில் வைத்தால் போதும். ஆய்வைப் பிறகு செய்துகொள்ளலாம். அண்ணாமலை, பாரதிதாசன், சேலம் பெரியார் பல்கலைக்கழகங்களின் புவியியல் மாணவர்கள் இதைச் செய்யக்கூடியவர்கள். கைவிட்ட சுரங்கக் குழிகளில் மழைநீர் தேங்கி, ஆண்டு முழுவதும் வற்றாத ஆழ்நீர்நிலைகள் உருவாகியிருக்கின்றன. இன்றைய மழை அவற்றின் அடியில் படிந்துகொண்டிருக்கிறது. அருகிலுள்ள மழைமானியின் கணக்கோடு அந்தப் படிவை ஒப்பிட்டால், எத்தனை மழைக்கு எவ்வளவு வண்டல் என்ற அளவுகோல் கிடைக்கும். அந்த அளவுகோலைக் கொண்டு பழைய ஏரிகளைப் படிக்கலாம்.

தென்மேற்குப் பருவமழைக்கு 9 லட்சம் ஆண்டு வரலாறு எழுதிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு ஆயிரம் ஆண்டு வரலாற்றையாவது எழுதும் பொறுப்பு, அந்த மழையால் வாழும் தமிழர்களுடையது. அடுத்த தூர்வாரும் பருவத்திலேயே, செந்துறை வட்டத்து ஏரி ஒன்றில் முதல் தூணை எடுத்து அதைத் தொடங்கலாம்.